கிண்ணி ஆறும் வரை

கண்ணாடி ஜாடிக்குள் கிண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வசந்தாமணிக்கு இப்போது வேலை இல்லை. பார்த்துக்கொண்டிருப்பதையும் வேலை என்று சொல்ல முடியாது, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது தன் பாட்டுக்குத்தான் ஆறும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற வெள்ளைப் பீங்கான் கிண்ணி. காலையில் அதில் ஒரு கரண்டி கரித்தூளை எடை பார்த்துப் போட்டு உலைக்குள் வைத்தாள். கரி முழுக்க எரிந்து காற்றோடு போய்விட்டது. எரியாத மிச்சம் மட்டும் அடியில் ஒட்டிக் கிடக்கிறது. அந்த மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஓசூரில் பேட்டரி செய்கிற கம்பெனி கேட்டிருப்பது நூற்றுக்கு அரைக்குக் கீழே. கீழே வந்துவிட்டால் இந்தத் தொழிற்சாலையில் தேங்காய்த்தொட்டிக் கரியை எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரிலேயே கழுவிக்கொண்டிருக்கலாம். மேலே போனால் ஆசிட் தொட்டி வரும். சாதாரண ஆசிட் இல்லை, கண்ணாடியைக்கூட அரித்துத் தின்கிற ஆசிட். தொட்டி விற்கிறவன் நாலு மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறான், முதலாளி ராக்கியண்ணன் அப்போது சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும். சுவரில் மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் மட்டும் லேசாக உரசியது. அந்த உரசலுக்காகக் காத்திருப்பதும், அது வந்ததும் அடுத்ததற்குக் காத்திருப்பதுமாக அவள் மனம் கொஞ்ச நேரம் அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சுகமாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளை, வெளியே மேகம் மூடி வெயில் இறங்கியிருந்தது, கழுவுகிற கூடத்திலிருந்து ஈரக் கரியின் வாசம் வந்தது. காய்ந்த கரிக்கு வாசமே கிடையாது. தண்ணீர் பட்டால்தான் அதற்கு உயிர் வந்து, அணைத்த அடுப்பு மாதிரி மணக்கும்.

கரியைக் கழுவிச் சம்பளம் வாங்குகிற ஒரே பொம்பளை ஜில்லாவிலேயே நீதான் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். எம்.எஸ்சி. படிச்சது இதுக்குத்தானா என்பார், சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். கல்யாணம் ஆன புதிதில் அந்தச் சிரிப்பு அவளுக்குக் கோபத்தை மூட்டியது, இப்போது அது வரவில்லை என்றால்தான் என்ன உடம்புக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. எதற்குக் கழுவுகிறோம் என்று ஒருநாள் அவருக்குச் சொன்னாள். பழனி பஸ் தெரியுமல்லவா, விசேஷ நாளில். பேட்டரிக்குள் கரிதான் பஸ். அதில் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள், அதுதான் சீட்டு. உப்பிலிருந்து எடுத்த சோடியம் சார்ஜ் ஏற ஏற உள்ளே வந்து உட்கார வேண்டும், சார்ஜ் இறங்க இறங்க எழுந்து போக வேண்டும். தேங்காய்த்தொட்டிக்குள் மரம் மண்ணிலிருந்து உறிஞ்சின பொட்டாசியம், சுண்ணாம்பு, இரும்பு எல்லாம் இருக்கும். தொட்டியைக் கரியாக்கினாலும் அவை போகாது. காலிச் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்துவிடும். ஏறின சோடியம் உட்கார இடமில்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும், இல்லை வீணாகப் போகும். துண்டை எடுத்து வெளியே எறிகிற வேலைதான் கழுவுகிறது. அவர் கேட்டார், "துண்டு போட்டவன் சும்மா விடுவானா?" விடமாட்டான்தான். பொட்டாசியம் நல்லவன், வெந்நீர் பட்டாலே எழுந்து வந்துவிடுவான். சுண்ணாம்பையும் இரும்பையும்தான் கூப்பிட்டு அழைத்து வர வேண்டும், அதற்கு எலுமிச்சை உப்பு. ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் போடுகிற அதே உப்பு. வெந்நீர், பிறகு உப்புத் தண்ணீர், பிறகு மறுபடி வெந்நீர், மூன்று கழுவு. அந்தத் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்து முதலாளி வீட்டுத் தென்னைக்கே விடுகிறார்கள். தென்னையிடம் வாங்கினதைத் தென்னையிடமே கொடுக்கிறோம் என்று அவளுக்குள் ஒரு திருப்தி உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும்.

ஜாடியின் அடியில் நீல மணிகள். ஈரத்தைக் குடிக்கிற மணிகள் அவை, குடித்து நிறைந்தால் நிறம் மாறி ரோஸ் ஆகிவிடும். ரோஸ் ஆனால் வறுத்து நீலமாக்க வேண்டும். காலையில் வறுத்தோமா? வறுத்தோம். நேற்று வறுத்ததா, இன்றா? ஓரத்தில் இரண்டு மூன்று மணிகள் ரோஸாகத் தெரிகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் நீலம். நிமிர்ந்தால் ரோஸ். ஜன்னலில் தொங்குகிற சிவப்புத் துணியின் நிழல் அது என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆனது, ஆயுத பூசைக்குக் கட்டின துணி, இன்னும் அவிழ்க்கவில்லை. எழுந்து அவிழ்த்து மடித்து வைத்தாள். திரும்பி வந்து பார்த்தாள், எல்லாம் நீலம். சரி. ஆனால் அந்தத் துணியைத் தொட்ட கையை உடனே போய்க் கழுவினாள், கழுவிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. நேற்றைக்குப் பட்ட பாடு அப்படி.

நேற்று இதே கிண்ணியில், இதே கரியில் ஒன்றரைக்கு மேல் வந்தது. கழுவாத கரிக்கே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் வரும். இரண்டு மாத உழைப்பும் மூட்டை மூட்டையாய் எலுமிச்சை உப்பும் வீண் என்று அந்த எண் சொன்னது. ராக்கியண்ணன் எண்ணைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு தொட்டி விற்கிறவனுக்குப் போன் போடப் போனார். அவள் கிண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கரியின் மிச்சம் எப்போதும் செம்பட்டையாக இருக்கும், இரும்பு செய்கிற வேலை. நேற்று இருந்தது பளீர் வெள்ளை. சந்தேகத்துக்கு ஒரு சொட்டு சாதாரண ஆசிட் விட்டாள், சோடா மாதிரி நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு. இவ்வளவு சுண்ணாம்பு எந்த மரமும் குடிக்காது. எங்கிருந்து வந்தது என்று உப்பு மூட்டையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், சல்லடையைப் பார்த்தாள். கடைசியில் கரியை அரைக்கிற கல் குழவியைக் கையில் எடுத்தபோது அதன் தலையில் மூன்று விரல் பட்டை, நடுவில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பூசையன்று கழுவுகிற கூடத்து நாச்சிமுத்து அண்ணன் எல்லாவற்றுக்கும் பட்டை போட்டார், அவள்தான் கூடவே தட்டை ஏந்திக்கொண்டு போனாள். தராசுக்குப் போட்டார், உலைக்குப் போட்டார், கம்ப்யூட்டருக்குப் போட்டார். உரலுக்கும் குழவிக்கும் போட்டபோது அவள் கைகூப்பிக்கூட நின்றாள். மறுநாள் உரலைக் கழுவினவள் குழவியின் தலையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டாள். சாமி பொட்டைச் சோப்புப் போட்டுத் தேய்க்க யாருக்குத்தான் மனசு வரும்.

அண்ணனிடம் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயது மனிதர், அவளுக்கு முன்பிருந்தே இங்கே இருப்பவர், முன்வழுக்கையில் எப்போதும் கரித்தூள் படிந்திருக்கும். "ஏனுங் அம்மிணி, அப்ப சாமி குத்தமாப் போச்சுங்களா?" என்றார். முகம் சின்னதாகிவிட்டது. "சாமி குத்தமெல்லாம் இல்லீங்ண்ணா, கடைக்காரன் குத்தம். திருநீறுன்னு சுண்ணாம்புத் தூளப் பொட்டலம் கட்டிக் குடுத்திருக்கறான்." "மலையடிவாரத்துல வாங்குனதுங், அம்மிணி." "மலையடிவாரத்துல எங்கீங்ண்ணா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டுல" என்றார். பிறகு அவராகவே, "நெத்தியில வெச்சா அரிக்கும்போதே நெனச்சனுங்" என்றார். அதற்குப் பிறகு அவளால் அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். ஆனால் போகும்போது திரும்பி நின்று ஒன்று சொன்னார், அதுதான் நேற்றிலிருந்து முள் மாதிரி உறுத்துகிறது. "பட்டை இல்லாம அரைச்சுப் பாருங். அப்பவும் அதே வந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்?"

அப்பவும் அதே வந்தால். அந்தக் கேள்வியைச் சுற்றி மனம் எத்தனை தடவை போய்விட்டது. திருநீறு ஒரு சாக்கு என்று வைத்துக்கொண்டால்? குழவியில் இருந்தது ஒரு சிட்டிகைகூட இராது. ஒரு சிட்டிகை இவ்வளவு காட்டுமா? காட்டும், அவள் எடுப்பதே ஒரு கரண்டிக் கரி, அதிலும் நூற்றில் அரைப் பங்கைத்தான் தேடுகிறாள். கணக்குப் போட்டும் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் தனக்கு வேண்டிய விடையை நோக்கிப் போடுகிற கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். குழவியை மூன்று தடவை தேய்த்துக் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, அடுப்பில் காய வைத்து, அதே மூட்டையிலிருந்து புதுக் கரி எடுத்து அரைத்தாள். உலையிலிருந்து எடுக்கும்போது பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அடியில் செம்பட்டையாக ஒரு படலம். வெள்ளை இல்லை. அது நல்ல அடையாளம். ஆனால் எவ்வளவு கனமான படலம் என்பதைக் கண் சொல்லாது. கண் ஆசைப்பட்டதைத்தான் சொல்லும்.

ஆசிட்டைப் பற்றி நினைக்கக்கூடாது என்று நினைத்ததும் ஸ்டெல்லா வந்துவிட்டாள். கோயம்புத்தூரில், முதல் வேலையில், பக்கத்து மேஜைக்காரி. தூத்துக்குடிப் பெண், வந்த முதல் வாரத்திலேயே கேண்டீன்காரரைக் கருவாடு வாங்க வைத்தவள். அவள் கையுறையில் ஊசி முனையளவு ஓட்டை. அந்த ஆசிட் ஒரு சொட்டு விரல் நுனியில் பட்டது, எரியவில்லை. அதுதான் அதன் குணம், பட்டதும் எரியாது. தண்ணீரில் காட்டிவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள், ஸ்டெல்லா இவளுடைய டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றாள், ஒரு சினிமா பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் பஸ்ஸில் ஸ்டெல்லா விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ராத்திரி கத்தினாள் என்று பிறகு விடுதியில் சொன்னார்கள். அது தோலைத் தாண்டி உள்ளே போய் எலும்பில் இருக்கிற சுண்ணாம்பைத் தேடும். ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புச் சத்து மருந்தை விரலுக்குள் ஊசியால் ஏற்றினார்கள். விரல் தப்பியது, முதல் கணு போய்விட்டது. வசந்தாமணி அன்று அந்தக் கையுறையைத் தானும் போட்டிருந்தாள், காலையில். அதை நினைத்தால் இப்போதும் தன் ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள், இருக்கிறதா என்று. இருக்கிறது. ஸ்டெல்லாவும் இருக்கிறாள், நன்றாகவே இருக்கிறாள், ஊரில் பேக்கரி வைத்திருக்கிறாள், தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் அனுப்புகிறாள். மக்ரூனுக்கு முட்டையடிக்க மெஷின் இருக்குடி, விரல் எதுக்கு என்று ஒருதரம் சொன்னாள். சொன்னவள் சிரித்தாள், கேட்டவள்தான் போனை வைத்துவிட்டுச் சற்று நேரம் சமையலறையிலேயே நின்றாள்.

இங்கே தொட்டி வந்தால் அதன் பக்கத்தில் நிற்கப்போவது நாச்சிமுத்து அண்ணன். வேறு யாரும் அந்தக் கூடத்தில் நிற்கத் தெரிந்தவர்கள் இல்லை. அவருக்கோ தொட்டி வந்தால் நல்லது என்றிருக்கிறது. விற்கிறவன் காட்டின படத்தில் ஒருத்தன் தலையிலிருந்து கால்வரை மஞ்சள் ரப்பரில் மூடிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். அதைப் பார்த்ததிலிருந்து, "நானு அதப் போட்டுட்டு ஒரு போட்டா எடுத்து மருமவனுக்கு அனுப்போணுங் அம்மிணி, அவன் என்னய இன்னும் கரி மூட்ட தூக்கறவன்னே சொல்லிட்டுத் திரியறான்" என்கிறார். அந்த ரப்பரைப் போட்டுக்கொண்டு சித்திரை மாதத்தில் இவர் எத்தனை நாள் நிற்பார்? முதல் வாரம் நிற்பார். இரண்டாவது வாரம் மேல்பட்டனைத் திறந்துவிடுவார். மூன்றாவது வாரம் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பீடி பற்ற வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த வெக்கையில் அவளும் அப்படித்தான் செய்வாள். ஸ்டெல்லாவின் கையுறை நல்ல கையுறைதான்.

செருப்புச் சத்தம் கேட்டது. ராக்கியண்ணன் எப்போதும் கதவுக்கு வெளியிலேயே செருப்பை விட்டுவிட்டு ஆய்வறைக்குள் வருவார், கோயிலுக்குள் வருகிற மாதிரி. வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, எழுதுவது ஒன்றால்தான். "ஆறுச்சுங்களா?" என்றார். "இன்னும் இல்லீங்." ஜாடிக்கு முன்னால் குனிந்து அவரும் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். "உள்ள என்ன நடக்குதுன்னே தெரியலீங்களே" என்றார். "ஒண்ணும் நடக்கலீங். ஆறுது." "எனக்கு ரெண்டும் வேணுங், வசந்தாமணி. ஆசிட் எறங்காத கெணறும் வேணும், ஓசூர்க்காரனும் வேணும். தொட்டிக்காரன் ஆசிட்டுல ஒரே கழுவுங்கறான். நம்ம வழியில மூணு. மூணு கழுவுனாலும் சரி, வருதுன்னா எனக்குச் சந்தோசம். வருமா வராதாங்கறதுதான்." "நீங்க போங், ஆறுனதும் நானே வந்து சொல்றனுங்." அவர் போகவில்லை. "இப்பவே தராசுல வெச்சுப் பாத்தா என்னங்?" "சூடா இருந்தா எடை சரியா வராதுங். சுத்தி இருக்கற காத்து சூடாயி மேல போவும், தட்டையும் சேத்துத் தூக்கும். கொறச்சுக் காட்டும்." அவர் நிமிர்ந்தார். மூக்கின் மேல் கண்ணாடி இறங்கியிருந்தது. "கொறச்சுத்தானுங் காட்டும்? நமக்குக் கொறஞ்சாத்தானுங் வேணும்?" என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சிரிப்பு மட்டும் அறைக்குள்ளேயே நின்றது.

குறைத்துக் காட்டும். எவ்வளவு குறைத்து? இந்தச் சூட்டுக்கு ஒரு சில மில்லிகிராம். அவளுக்குத் தேவையும் அவ்வளவுதான் இருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள். மூடியை இப்போது திறந்து, இடுக்கியால் எடுத்து, தராசில் வைத்து, வருகிற எண்ணைக் கொண்டுபோய்ச் சொன்னால் தொட்டி வராது. அண்ணன் மஞ்சள் ரப்பர் போட மாட்டார். ஒரு பொய்கூட இல்லை அது, தராசு காட்டினதைத்தான் சொல்கிறாள், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள், அவ்வளவே. நல்லதுக்குத்தானே. அவள் தன் கையைப் பார்த்தாள், அது ஜாடியின் மூடிமேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. மூடியின் கண்ணாடிக் குமிழ் வெதுவெதுப்பாக, பால் குடித்த டம்ளர் மாதிரி இருந்தது. எடுத்தாளா? எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததற்குப் பெரிய நேர்மை எதுவும் காரணம் என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஓசூரில் அவர்களிடமும் தராசு இருக்கிறது, அது மட்டும் முதலில் தோன்றியது. சரக்கு போனதும் பார்ப்பார்கள், திருப்பி அனுப்புவார்கள், தொட்டி அப்போது வரும், இவள் பேச்சுக்கு அப்புறம் இந்தக் கட்டடத்தில் மரியாதை இருக்காது. இரண்டாவதாகத் தோன்றியதுதான் விசித்திரம். தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. அண்ணனுக்காக இல்லை, கிணற்றுக்காக இல்லை, இரண்டு மாதம் அந்தக் கூடத்தில் வெந்நீர் ஆவியில் நின்றதற்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்பும் இரும்பும் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தனவா இல்லையா. குறைத்துக் காட்டின எண்ணை வைத்துக்கொண்டு அது ஒருநாளும் தெரியாது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மின்விசிறி உரசியது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

வரவில்லை என்றால் என்ன செய்வாள்? முதல்தடவையாக அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் ஊற வைக்கலாம், தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுபோகலாம். தொட்டி வந்தாலும் வரட்டும், வந்த தொட்டியை ஒருநாள் திருப்பி அனுப்பலாம். இல்லாவிட்டால் தானே அந்த ரப்பரைப் போட்டுக்கொண்டு நிற்கலாம், வீட்டுக்காரருக்குப் போட்டோ அனுப்பலாம், அவர் என்ன சொல்வார் என்று நினைத்ததும் வாய் கோணியது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பயத்துக்கு இவ்வளவுதான் உருவம். தூரத்தில் இருக்கும்போதுதான் அதற்குக் கொம்பு முளைக்கிறது. ஆனால் அண்ணனின் இடது கை, மோதிரம் இறுகிக் கழற்ற முடியாமல் போன அந்த விரல், அதை மட்டும் எடுத்துப் பார்க்க முடியவில்லை. அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

புறங்கையை ஜாடியின் மேல் வைத்தாள். சுவரைத் தொட்டாள். ஜாடியும் சுவரும் ஒரே குளிர்ச்சி. இருந்தாலும் விசிறி இன்னும் சில சுற்றுச் சுற்றட்டும் என்று விட்டாள், பிறகு எழுந்து அதை நிறுத்தினாள், தராசு இருக்கும் அறையில் காற்று அசையக்கூடாது. அறை சட்டென்று அமைதியானது. கூடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் இப்போதுதான் கேட்டது. மூடியை அழுத்தி நகர்த்தினாள், உறிஞ்சுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தத்தோடு காற்று உள்ளே போனது. இடுக்கி. கிண்ணி. தராசின் கண்ணாடிக் கதவு. எண்கள் ஓடி, தடுமாறி, கடைசி எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மனசு மாறிக்கொண்டிருந்தது, நின்றது. கழித்தாள், வகுத்தாள். நம்பாமல் மறுபடி வகுத்தாள். கிண்ணியை எடுத்து ஜாடிக்குள் வைத்து மூடி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள், திறந்து மறுபடி தராசில் வைத்தாள். அதே. நூற்றுக்குப் புள்ளி நாலு மூன்று. அரைக்குக் கீழே. கொஞ்சம்தான் கீழே, புள்ளி மூன்று என்று ஆசைப்பட்டிருந்தாள், இருந்தாலும் கீழே கீழேதான். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் தான் என்கிற அந்தச் சில வினாடிகளை அவள் யாருக்கும் தெரியாமல் தின்கிற கடலைமிட்டாய் மாதிரி வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ராக்கியண்ணன் மேஜைமேல் போனை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளி நாலு மூணுங்" என்றாள். அவர் எண்ணைவிட அவள் முகத்தைத்தான் பார்த்தார். "நல்லா ஆறுச்சுங்களா?" "ஆறிருச்சுங். ரெண்டுவாட்டி வெச்சுப் பாத்தனுங்." "நாளைக்கும் இதே வருமா?" "ஒழுங்காக் கழுவுனா வருங். மழைக்கு நனைஞ்ச தேங்காத்தொட்டி வந்துச்சுன்னா கொஞ்சம் ஏறலாம், அப்ப இன்னொரு கழுவு சேத்துக்கலாங்." அவர் தலையாட்டினார், பாராட்டவில்லை, பாராட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை, ஆனால் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். போன் அடித்தது. "சொல்லுங்... இல்லீங், வேண்டாங்... வெல இல்லீங் பிரச்சன... இல்லீங், வேற யாருகிட்டயும் வாங்கலீங். எங்களுக்கு அது தேவப்படலீங், அவ்வளவுதானுங்... எலுமிச்ச உப்புங். ஆமாங், ஊறுகாய்க்குப் போடறதுதானுங்... சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கங்." அவள் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மனம் வழக்கப்படி கவலைப்பட எதையாவது தேடிப் புறப்பட்டது. மழைக்காலத் தேங்காய்த்தொட்டி இருக்கிறது, ஓசூர்க்காரர்களின் தராசு இருக்கிறது, உப்பு விலை ஏறும். ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு, பிடிமானம் எதுவும் கிடைக்காமல், திரும்பி வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. ஜன்னலுக்கு வெளியே கழுவுகிற கூடம் தெரிந்தது. நாச்சிமுத்து அண்ணன் சட்டைக் கையைக்கூட மடிக்காமல் முழங்கைவரை கழுவுநீருக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு கை கரியை அள்ளி, விரல்களை விரித்து, தண்ணீர் தெளிவாக வழிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்ததும் அந்த ஈரக் கையாலேயே மூக்கைச் சொறிந்துகொண்டார். ஒன்றும் ஆகவில்லை.